காலத்தையே படையாக்கிய காங்

பகைவன் எல்லைக்கு அப்பாலிருந்து வருவான் என்றுதான் எல்லா நாட்டு அரசர்களும் எதிர்பார்த்தார்கள். அதனால்தான் கோட்டை கட்டினார்கள், அகழி வெட்டினார்கள், இரவெல்லாம் காவல் போட்டார்கள். ஆனால் பகைவன் பக்கத்து நாட்டிலிருந்து வராமல், இனி வரப்போகும் ஒரு நூற்றாண்டிலிருந்து வந்தால்? அவனை எந்த மதில் தடுக்கும்? இன்று இவர்கள் என்ன செய்யப் போகிறார்கள் என்பதை அவன் பழைய சரித்திரமாகப் படித்து முடித்துவிட்டல்லவா வருகிறான்!

இந்த விபரீதக் கற்பனையில் பிறந்தவன்தான் காங். அமெரிக்காவின் மார்வெல் நிறுவனம் வெளியிட்டுவரும் படக்கதைகளில், அறுபது ஆண்டுகளுக்கும் மேலாக உலகத்தை மிரட்டிக்கொண்டிருக்கும் வில்லன். 1972-ல் சிவகாசியிலிருந்து வரத் தொடங்கிய முத்து காமிக்ஸில் இரும்புக்கை மாயாவியைப் படித்து வளர்ந்தவர்களுக்கு, சித்திரக்கதை வில்லன்கள் புதியவர்கள் அல்ல. ஒருவன் வங்கியைக் கொள்ளையடிப்பான். இன்னொருவன் விஞ்ஞானியைக் கடத்துவான். காங் இவர்களைப் போன்றவன் அல்ல. அவன் கொள்ளையடித்தது காலத்தை.

காலையில் ஐந்து நிமிடம் பிந்தினால் அரை நாள் சம்பளம் போய்விடும் என்று ஓடுகிறவர்கள் நிறைந்த உலகம் இது. இங்கே ஒருவனுக்கு மட்டும் முன்னும் பின்னும் போகக் காலம் முழுவதும் திறந்து கிடந்தால் அவன் என்ன ஆவான்? மகானாகலாம், மருத்துவனாகலாம். காங் கொடுங்கோலன் ஆனான். எப்படி ஆனான் என்பதுதான் கதை.

படைத்தவர்கள் இருவர்

காங்கைப் படைத்தவர்கள் இருவர். எழுதியவர் ஸ்டான் லீ. வரைந்தவர் ஜாக் கிர்பி. இருவரும் நியூயார்க் நகரில் பிறந்தவர்கள். பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து அமெரிக்கா வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். இருவருடைய தந்தையரும் ஆடைத் தொழிலில் கூலிக்கு உழைத்தவர்கள். லீயின் தந்தை துணி வெட்டுபவர். கிர்பியின் தந்தை தையல் ஆலைத் தொழிலாளி.

1917-ல் பிறந்த கிர்பி, கொடுங்கோன்மை என்றால் என்ன என்பதை ஏட்டில் மட்டும் படித்தவர் அல்லர். ஜோ சைமன் என்பவருடன் சேர்ந்து 'கேப்டன் அமெரிக்கா' என்ற வீரனைப் படைத்தவர் அவர். 1941 மார்ச் தேதியிட்ட அதன் முதல் இதழின் அட்டையில், அந்த வீரன் ஹிட்லரின் முகத்தில் குத்துவிடுவான். அமெரிக்கா அப்போது போரில் இறங்கவே இல்லை என்பது குறிப்பிடத்தக்கது. பிறகு 1944-ல் கிர்பியே காலாட்படைச் சிப்பாயாகப் பிரான்சு மண்ணில் இறங்கினார். கடுங்குளிரில் கால்கள் உறைந்து, அவற்றையே எடுக்க வேண்டியிருக்குமோ என்று அஞ்சும் நிலைக்கு வந்து, ஊர் திரும்பினார். நாடு பிடிக்கும் வெறி ஒரு கண்டத்தை என்ன பாடு படுத்தியது என்பதைக் கண்ணால் கண்ட மனிதரின் தூரிகையில்தான் காங் உருவானான்.

அமைதி கசந்தது

காங்கின் இயற்பெயர் நதானியல் ரிச்சர்ட்ஸ். பிறந்தது, இன்றைக்குச் சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்குப் பிந்திய காலத்தில். அவன் பிறந்த உலகில் போர் இல்லை. கொடுங்கோலன் உருவாவதற்கு வறுமை, அவமானம், பழிக்குப்பழி என்று கதாசிரியர்கள் காரணம் தேடுவது வழக்கம். லீயும் கிர்பியும் தேர்ந்த காரணம் வேறு: சலிப்பு. அவனுக்கு அமைதியே கசந்துவிட்டது.

சாகசம் தேடிய அவன் கண்ணில், முன்னோர் விட்டுச் சென்ற காலயந்திரம் ஒன்று பட்டது. அவன் அதைக் கண்டுபிடிக்கவில்லை, கண்டெடுத்தான். இந்த வேறுபாட்டை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. அவனுடைய எழுச்சியின் ஒவ்வொரு படியிலும் இதுவே திரும்பத் திரும்ப வரும். அடுத்தவர் மூளையில் உதித்தது. அவன் கையில் ஆயுதமானது.

சிங்க உடலும் மனித முகமும் கொண்ட ஸ்பிங்க்ஸ் சிலையின் வடிவில் ஒரு காலக்கப்பலைச் செய்துகொண்டு, சுமார் ஐயாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய எகிப்தில் போய் இறங்கினான். இறங்கியதில் விபத்து, பார்வை போயிற்று. அங்கே விளைந்த ஓர் அபூர்வ மூலிகையால் பார்வை திரும்பியது. நன்றி சொல்ல வேண்டியவன் என்ன செய்தான்? மனிதரின் மனவுறுதியைப் பறித்து அடிமையாக்கும் கதிர்த் துப்பாக்கியை எடுத்தான். அந்த நாட்டு மக்களை மண்டியிட வைத்தான். 'ராமா டட்' என்ற பெயரில் பாரோ மன்னனாக முடிசூட்டிக்கொண்டான்.

1963 அக்டோபர் தேதியிட்ட 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' 19-வது இதழில் இந்தக் கதை வந்தது. அப்போது அந்த இதழின் விலை 12 சென்ட். 'அற்புத நால்வர்' என்று தமிழில் சொல்லத்தக்க அந்தக் கதாநாயகர்கள், பார்வையற்ற ஒரு பெண்ணுக்கு அந்த மூலிகையைக் கொண்டுவரலாம் என்று எகிப்துக்குக் காலப் பயணம் வருகிறார்கள். அதே மூலிகையால் கண் பெற்றவன் அவர்களைச் சிறைப்பிடிக்கிறான்! முடிவில் நால்வரும் தளையறுத்து எழ, பாரோ தன் கப்பலேறித் தப்பி ஓடுகிறான்.

அப்போது அவனுக்குக் காங் என்ற பெயர் கிடையாது. தோற்று ஓடிய ஒரு போலி மன்னன், அவ்வளவுதான். அங்கேயே அவன் திருந்தியிருக்கலாம். தன் காலத்துக்குத் திரும்பி, பழைய அமைதியில் வாழ்ந்திருக்கலாம்.

இரவல் ஆயுதம், இரவல் அரியணை

அவன் திரும்பத்தான் புறப்பட்டான். வழியில், விண்வெளியில் தனியே மிதந்துகொண்டிருந்த டாக்டர் டூம் என்ற இன்னொரு கொடியவனைச் சந்தித்தான். தீயவன் தீயவனுக்குத் தைரியம் சொல்ல, அடங்கியிருந்த ஆசை மறுபடி கிளம்பியது. ஆனால் காலக்கப்பல் தவறிவிட்டது. தன் காலத்தையும் தாண்டி, இன்னும் ஓர் ஆயிரம் ஆண்டு முன்னே போய்விட்டான். வந்து சேர்ந்த இடம் நாற்பதாம் நூற்றாண்டு.

அங்கே அவன் கண்ட காட்சி பரிதாபமானது. ஓயாத போரில் உலகம் பாழாகிக் கிடந்தது. ஒருவரை ஒருவர் அழித்துக்கொண்டிருந்த மக்களின் கையில் பயங்கரமான ஆயுதங்கள் இருந்தன. அவற்றைச் செய்தவர்கள் என்றோ மறைந்துவிட்டார்கள். அவை எப்படி இயங்குகின்றன என்று தெரிந்தவர் ஒருவரும் இல்லை. விசையை அழுத்தத் தெரியும். பழுது பார்க்கத் தெரியாது!

நதானியலுக்கு அது தெரியும். அது ஒன்றே போதுமானதாக இருந்தது. பழுது பார்த்தவனே படைத்தலைவன் ஆனான். படைத்தலைவனே பேரரசன் ஆனான். கல்வியை விட்டுவிட்டு ஆயுதத்தை மட்டும் வைத்துக்கொண்ட சமுதாயம், விவரம் தெரிந்து வருகிற முதல் மனிதனுக்கு அடிமையாகிவிடும் என்பதை அந்தச் சில சித்திரக் கட்டங்கள் சொல்லிவிடுகின்றன. 'காங்' என்ற பெயரும், 'வெற்றி கொள்பவன்' என்ற பட்டமும் அவனுக்கு வந்தது இங்கேதான். பச்சை உடை, ஊதா நிறக் கவசம், முகத்தை மூடிய நீல முகமூடி. உலகம் முழுவதும் அவன் காலடியில்.

ஆனால் பிடித்த உலகமோ சாரம் போன சக்கை. ஆள்வதற்கு அங்கே என்ன இருக்கிறது? செழிப்பான உலகம் ஒன்று வேண்டும். அவன் பார்வை இருபதாம் நூற்றாண்டின் பக்கம் திரும்பியது.

சிறுவர்கள் கவிழ்த்த பேரரசன்

1964 செப்டம்பர் தேதியிட்ட 'அவெஞ்சர்ஸ்' 8-வது இதழில், அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் அவன் கப்பல் இறங்கியது. ராணுவம் அவனை நெருங்க முடியவில்லை. அவெஞ்சர்ஸ் என்னும் வீரர் குழு மோதியது, அவர்களையும் சிறைப்பிடித்தான். உலகம் தன்னிடம் சரணடைய வேண்டும் என்று கெடு வைத்தான்.

எதிர்காலத்தின் அத்தனை அறிவும் அவனிடம் இருந்தது. எதிரிகளின் பலம், பலவீனம் எல்லாம் கணக்கில் இருந்தன. ஆனால் ரிக் ஜோன்ஸ் என்ற இளைஞனும் அவன் நண்பர்களும் அந்தக் கணக்கில் இல்லை. அதிசய சக்தி எதுவும் இல்லாத சாதாரணப் பையன்கள். உங்கள் பக்கம் சேர வந்திருக்கிறோம் என்று சொல்லி அவர்கள் கப்பலுக்குள் நுழைந்தார்கள். காங் நம்பினான். வணங்க வருகிறவன் வஞ்சகம் செய்வான் என்ற நினைப்பே அகங்காரம் பிடித்தவனுக்கு வருவதில்லை. பையன்கள் வீரர்களை விடுவித்தார்கள். பேரரசன் மீண்டும் கப்பலேறி ஓடினான்.

ரவோனா என்ற இளவரசி

தன் காலத்தில் எல்லா நாடுகளையும் விழுங்கிய காங், ஒரே ஒரு சிற்றரசை மட்டும் தொடாமல் விட்டிருந்தான். அந்நாட்டு இளவரசி ரவோனாவின் மீது அவனுக்குக் காதல். படையால் பெறக்கூடாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை அவன் உணர்ந்த ஒரே இடம் அது. அவளோ அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

1965 கடைசியிலும் 1966 தொடக்கத்திலுமாக, 'அவெஞ்சர்ஸ்' 23, 24-வது இதழ்களில் அந்தக் கதை வந்தது. பொறுமையிழந்த காங் கடைசியில் அந்த நாட்டையும் வீழ்த்துகிறான். தோற்ற அரச குடும்பத்தினரைக் கொல்ல வேண்டும் என்பது அவனே வகுத்த சட்டம். அவளைக் கொல்ல அவன் மறுத்தான். உடனே அவன் தளபதி பால்டாக் கலகக்கொடி தூக்கினான். இரக்கம் காட்டிய பேரரசன் பேரரசனாக இருக்கத் தகுதியற்றவன் என்பது அவன் வாதம். காங் கற்றுக்கொடுத்த பாடம் காங்குக்கே திரும்பியது! அவன் தன் எதிரிகளான அவெஞ்சர்ஸுடன் கைகோத்துத் தன் படையையே எதிர்த்துப் போரிட்டான், வென்றான். ஆனால் தோற்ற பால்டாக் காங்கைக் குறிபார்த்துச் சுட்டபோது, குறுக்கே பாய்ந்து அதை ஏற்றவள் ரவோனா. தன் மனம் அவன்பால் திரும்பிவிட்டதை அவள் உணர்ந்த நேரமும், உயிர் பிரிகிற நேரமும் ஒன்றாக அமைந்துவிட்டன.

இந்த இடத்தில் வாசகனுக்கு வில்லன் மீதே இரக்கம் பிறக்கும். கதாசிரியர்களும் அதை அறிவார்கள். அதனால்தான் அடுத்த சோதனையை வைத்தார்கள்.

உயிரா, பழியா?

1969-ல் வந்த 69 முதல் 71 வரையிலான இதழ்களை எழுதியவர் ராய் தாமஸ். வரைந்தவர் சால் புஸ்செமா. சாவுக்கும் வாழ்வுக்கும் இடையில் கிடக்கும் ரவோனாவை எழுப்ப ஒரு வழி காங்குக்குத் தெரிகிறது. அண்ட வெளியில் கிராண்ட்மாஸ்டர் என்று ஒருவன்; சூதாட்டமே அவன் தொழில். காங் அவனுடன் பந்தயம் கட்டி, அவெஞ்சர்ஸ் வீரர்களைத் தன் காய்களாக நகர்த்துகிறான். முதல் ஆட்டம் முடிவில்லாமல் போகிறது. இரண்டாவதில் காங் வெல்கிறான். ஆகவே பரிசும் பாதிதான். உயிர் கொடுக்கும் சக்தி, அல்லது உயிர் எடுக்கும் சக்தி. இரண்டில் ஒன்றைக் கேள் என்கிறான் கிராண்ட்மாஸ்டர்.

உயிர் கொடுக்கும் சக்தியைக் கேட்டால் ரவோனா எழுந்து வருவாள். உயிர் எடுக்கும் சக்தியைக் கேட்டால் அவெஞ்சர்ஸ் எதிரே மடிவார்கள்.

அவளுக்காகத் தொடங்கிய ஆட்டம் அது. அவளுக்காகவே பந்தயம். ஆனால் காங் கேட்டது உயிர் எடுக்கும் சக்தி!

அவனுடைய எழுச்சி முழுவதையும் அளக்க இந்த ஒரு நிமிடம் போதும். எகிப்தில் அவனைக் கெடுத்தது சலிப்பு என்று சொல்லலாம். நாற்பதாம் நூற்றாண்டில் சந்தர்ப்பம் என்று சொல்லலாம். இங்கே சொல்வதற்கு ஒன்றும் இல்லை. யாரும் அவனை நிர்ப்பந்திக்கவில்லை. இரண்டு கதவும் திறந்திருந்தன. அவனாகவே நடந்து போன வாசல் அது.

அந்தச் சக்தியாவது பலித்ததா? அதுவும் இல்லை. அது அவெஞ்சர்ஸ் வீரர்களை மட்டுமே தாக்கவல்லது. பக்கத்தில் நின்ற பிளாக் நைட் என்ற வீரன் அப்போது அந்தக் குழுவில் உறுப்பினன் அல்லன். சாவு அவனைத் தீண்டவில்லை. அவன் கைவாளே காங்கை வீழ்த்தியது.

தனக்குத் தானே பகை

அதற்குப் பிறகு எழுதியவர்கள் காங்கின் கதையை இன்னும் ஆழத்துக்குக் கொண்டுபோனார்கள். 1974-ல் ஸ்டீவ் எங்கிள்ஹார்ட் எழுதிய கதையில் காங்கை எதிர்க்க ஒரு முதியவர் வருகிறார். யார் அவர்? வயதான ராமா டட்! வெற்றிகள் அலுத்து, மறுபடி எகிப்துக்கே போய், இம்முறை நீதியோடு ஆண்ட பிற்காலக் காங். தன் இளமையின் கொடுமையைத் தடுக்க அவரே வந்து நிற்கிறார். இளையவன் முதியவரின் சொல்லைக் கேட்கவில்லை. 1964-லேயே அறிமுகமாகியிருந்த, காலத்தைக் காக்கும் இம்மார்ட்டஸ் என்ற மற்றொரு முதியவரும் காங்கின் இன்னொரு பிற்காலமே என்பதும் தெரியவருகிறது. தான் அப்படி ஒரு கிழவனாக முடிவதை நினைத்தாலே காங்குக்குக் கோபம் பொங்குகிறது.

1986-ல் ரோஜர் ஸ்டெர்ன் எழுதி, ஜான் புஸ்செமா வரைந்த கதை இதைவிட விசித்திரமானது. காலத்தில் முன்னும் பின்னும் போய்வந்ததால், கிளை கிளையாகப் பிரிந்த உலகங்களில் எண்ணற்ற காங்குகள் உண்டாகிவிட்டார்கள். ஒருவன்தான் மிஞ்ச வேண்டும் என்று ஒரு காங் மற்றவர்களை ஒவ்வொருவராகக் கொன்று தீர்க்கிறான். எல்லோரும் மடிந்தபின், கொல்லப்பட்ட அத்தனை பேருடைய நினைவுகளும் அடங்கிய உருண்டை ஒன்று அவன் கைக்கு வருகிறது. அத்தனை வாழ்வும் அத்தனை சாவும் ஒரே மண்டைக்குள் இறங்க, பித்துப் பிடித்து ஓடுகிறான்.

கடைசியில் அவன் பூமியை வென்றதும் உண்டு. 2001-02-ல் கர்ட் பியூசிக் எழுதிய நீண்ட தொடரில், வாஷிங்டன் நகரை அழித்து, உலகத்தையே சரணடைய வைத்தான். எத்தனையோ ஆண்டுக் கனவு பலித்தது. ஆனால் அந்த ஆட்சியும் கவிழ்ந்தது. சிறையிலிருந்து அவனை மீட்டவன் அவன் மகன் மார்க்கஸ். போரின்போது எதிரணிப் பெண் ஒருத்திக்காக அந்த மகன் துரோகம் செய்ததை அறிந்திருந்த காங், விடுதலையானதும் அவனைத் தன் கையாலேயே கொன்றான். பேரரசு போயிற்று, அதை ஆள இருந்த வாரிசும் போயிற்று.

வெள்ளித்திரையிலும் அவன் தலைகாட்டினான். 2021-ல் 'லோகி' தொடரில் அவனுடைய ஒரு வடிவமும், 2023-ல் 'ஆன்ட்மேன் அண்ட் தி வாஸ்ப்: குவான்டமேனியா' படத்தில் காங்கும் வந்தார்கள். அவன் பெயரிலேயே ஒரு பெரிய படம் வரப்போவதாக அறிவிப்பும் இருந்தது. 2024-ல் திட்டம் மாறியது. அவன் இடத்துக்கு அவனுடைய பழைய கூட்டாளி டாக்டர் டூம் வந்துவிட்டான்!

பதினாறு வயதுப் பையன்

இத்தனை கதைகளிலும் மனத்தை உலுக்குவது, 2005-ல் ஆலன் ஹெய்ன்பெர்க் எழுதி, ஜிம் சியுங் வரைந்த 'யங் அவெஞ்சர்ஸ்'. அதில் வரும் நதானியலுக்குப் பதினாறு வயது. படிப்பில் நாட்டமுள்ள சாதுவான பையன். ஒரு முரடன் அவனைத் தாக்க வருகிறான். திடீரென்று வானத்திலிருந்து குதித்தவன்போல் காங் தோன்றித் தடுக்கிறான். நீதான் நான், நான்தான் நீ என்று சொல்லி, வரப்போகும் வெற்றிகளை எல்லாம் காட்டுகிறான். கவசத்தைக் கொடுக்கிறான். முதல் வேலையாக அந்த முரடனைக் கொன்றுவிடு என்கிறான்.

பையன் நடுங்கிப் போகிறான். முரடனைப் பார்த்து அல்ல, தன்னையே பார்த்து. கொடுத்த கவசத்துடன் நம் காலத்துக்கு ஓடிவருகிறான். 'அயர்ன் லாட்' என்ற பெயரில் இளைஞர் குழு ஒன்றைச் சேர்த்து, தான் ஆகப்போகும் காங்கையே எதிர்த்து நிற்கிறான். கடைசியில் கொன்றும் விடுகிறான்.

ஆனால் காங் இல்லாமற் போனதும் சரித்திரம் குலைகிறது. அவன் புதிதாகச் சேர்த்த நண்பர்கள் உட்படப் பலருக்கு வாழ்வே இல்லாமற் போகும் நிலை. அதைச் சரிசெய்ய வழி ஒன்றுதான். பையன் தன் காலத்துக்குத் திரும்ப வேண்டும். எல்லாவற்றையும் மறக்க வேண்டும். எந்தக் கொடியவனைக் கண்டு ஓடிவந்தானோ அந்தக் கொடியவனாகவே வளர வேண்டும். அவன் சம்மதித்துத் திரும்புகிறான்.

இரண்டு பேரும் ஒருவனே. ஒருவன், நேசித்தவளின் உயிரைக் கேட்டு வாங்கும் நேரத்தில் பழியைக் கேட்டு வாங்கினான். இன்னொருவன், நண்பர்களின் உயிருக்காகத் தன் நல்ல பெயரையும் எதிர்காலத்தையும் கொடுத்துவிட்டுப் போனான். எந்த நூற்றாண்டுக்கும் போகத்தக்க யந்திரம் காங்கிடம் இருந்தது. அந்தப் பதினாறு வயதுப் பையனாக மீண்டும் மாறுவதற்கு மட்டும் அதில் வழி இல்லை.